துரையின் பைப்புக்கு மெழுகு போட்ட விவரம்

வால்பாறை மலைத் தோட்டத்தில் குளிரையும் அட்டையையும் துரையவர்களையும் ஒருங்கே தாங்கிக்கொண்டு உத்தியோகம் பார்த்துவரும் மாப்பிள்ளை பாலுசாமி அவர்களுக்கு, கோயமுத்தூரிலிருந்து மாமனார் நஞ்சுண்டன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் அத்தை சென்னியம்மாளும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், எங்கள் மகள் நாச்சியம்மாளின் சுகத்தையும், சீமைக்கு லீவில் போகுமுன் தங்களைத் தலைமைக் குமாஸ்தாவாக்க எண்ணியிருக்கும் துரையின் நல்ல மனசினுடைய சுகத்தையும் அறிய ஆவல்.

"துரையின் புகையிலை பைப் மங்கிவிட்டது, நல்ல மெழுகாகப் போட்டு அனுப்பவும்" என்று தாங்கள் பஸ்ஸில் அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்ததும் எனக்குப் பகீரென்றது. புகையிலை அடைக்கும் கிண்ணம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது. ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாகவே தலை நரைத்தவன் நான். அடிபட்ட சரக்கு எனக்குத் தெரியாதா? இந்தக் கோலத்தில் மெழுகு போட்டால் துரை நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று, தாங்கள் கேட்காத உபகாரத்தையும் சேர்த்துச் செய்யத் தீர்மானித்து, பெரியநாயக்கன்பாளையத்தில் பித்தளைச் சாமான் மெருகு போடும் சீனிவாசலுவின் பட்டறைக்குப் போனேன். அவருக்குக் கரண்டு மோட்டார் வந்த நாள் முதல் கண்ணில் பட்டதையெல்லாம் அதில் கொடுத்துப் பார்க்க ஆசை. "இதென்னங்க பிரமாதம்? கருங்கல்லையே கண்ணாடியாக்கிப்போடுவேனுங்க!" என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் குழியெல்லாம் மறைந்து, கறுப்பாக இருந்த பைப் செம்பழுப்பாகி, கனத்தில் பாதியாகி, புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று வந்தது. வாய் வைக்கும் தண்டில் இருந்த துரையின் பல் தடங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. நானும் அவரும் மாறி மாறித் தடவிப் பார்த்து மகிழ்ந்தோம்.

பிறகு மெழுகு. மேட்டுப்பாளையத்தில் மலைத்தேன் விற்பவரிடம் தேன்மெழுகு வாங்கிவந்து, உருக்கிப் பூசி, துணியால் தேய்த்து ஜன்னலில் வைத்தேன். காலையில் முகம் பார்க்கலாம் போல இருந்தது; மத்தியானம் வெயில் ஏறியதும் இளகி, ஜன்னல் பலகையோடு ஒட்டிக்கொண்டு, மெழுகில் மிச்சமிருந்த தித்திப்புக்கு எறும்பும் வந்துவிட்டது. "ஏனுங்க, தொரை வாய் வெக்கறதுக்கு முந்தி எறும்பு வாய் வெச்சுப்போட்டுதுங்களே!" என்றாள் தங்கள் அத்தை. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை.

கடைசியில், கிளப்பு வெள்ளைக்காரர்களுக்குப் புகையிலை விற்கும் முஸ்தபாவின் கடைக்கு ஓடினேன். ஒட்டிய மெழுகைச் சுரண்டப் பைப்பை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் போனேன். "தேன்மெழுகு மட்டும் போட்டா சூட்டுக்கு நிக்காதுங்க," என்றார் அவர். "கிண்ணம் சுட்டா உருகித் தொரை மீசையில ஒட்டிக்கும். இதுக்குன்னு கப்பல்ல வார பனையோலை மெழுகு இருக்குதுங்க, கல்லாட்டம். சுத்தற துணிச் சக்கரத்துல மெழுகைக் காட்டி, அப்புறம் பைப்பை மெல்லிசாக் காட்டோணும். உள்ளார ஒரு பொட்டுப் படப்படாது. வேர்வைக் கையோட தொடவே தொடாதீங்க." அதை வாங்கி, வீட்டிலிருந்து பைப்பையும் எடுத்துக்கொண்டு மறுபடி சீனிவாசலுவிடம் போனேன். அவர் அழுத்திக் காட்டவே, சக்கரம் பைப்பைப் பிடுங்கி எருமைக்குத் தண்ணீர் வைத்திருந்த தொட்டியில் எறிந்தது. எருமை மிரண்டது தவிரச் சேதமில்லை. இரண்டாம் தடவை பூப்போலக் காட்டினார். என்ன சொல்வேன் மாப்பிள்ளை! மினுக்கென்றால் அப்படியொரு மினுக்கு. விரல் படாமல் பட்டுத் துணியில் ஏந்திக்கொண்டுபோய் முஸ்தபாவிடம் காட்டி, அது குழி குழியாக வந்த கதையையும் பெருமையாகச் சொன்னேன்.

முஸ்தபாவின் முகம் வெளுத்துவிட்டது. யாரோ தண்டு மாற்றக் கொடுத்திருந்த பைப் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். அதிலும் அதே குழிகள். "வேணுமின்னே மணலை அடிச்சுக் குழி உழுக வெக்கறாங்கங்க. வழவழன்னு இருக்கற பைப்புக்குத்தான் இத்தனை மெழுகும். குழி பைப்புக்கு மதிப்பே அந்தக் குழிதானுங்க!"

வீட்டுக்கு எப்படி வந்தேனோ தெரியாது. ஒழுகுகிற வீட்டில் மூலைக்கொரு சட்டி வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் நாச்சியம்மாள்தான் கண்ணில் நின்றாள். தலைமைக் குமாஸ்தாவுக்கு நல்ல ஓட்டு வீடாமே. அதை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். ஆகவே மாப்பிள்ளை, துரையிடம் எதையும் மறைக்க வேண்டாம். பழி முழுவதும் மாமனார் மேல் என்று சொல்லிவிடுங்கள். நான் பென்ஷன்காரன், என்னை இனி எந்த வேலையிலிருந்தும் நீக்க முடியாது.

தங்களை மலைக்காய்ச்சல் அண்டாமலும், துரையின் கோபம் கணக்கு மேஜைவரை வராமலும் ஆனைமலை மாசாணியம்மன் காக்கட்டும். நாச்சியம்மாளுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்
நஞ்சுண்டன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. துரையேதான்! ஊட்டிக்குப் போகிற வழியில், தங்களிடம் கேட்டறிந்த விலாசத்துக்குத் தம் பைப்பை வாங்க வந்திருக்கிறார். நான் நாற்காலியைத் துடைத்துப் போடுவதற்குள், தங்கள் அத்தை அதை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தெரிந்த தம் மீசையை ஒதுக்கிக்கொண்டார். "நைஸ் பைப்! இது யார்து?" என்றார். "தொரைக்குத்தானுங்க," என்றாள் தங்கள் அத்தை. "எனக்கா? பிரசென்ட்டா?" என்று மனுஷர் பூரித்துப்போய் என் கையைக் குலுக்கி, தலைமைக் குமாஸ்தா வேலை பாலுசாமிக்குத்தான் என்று வாயாரச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறியவர் தலையை நீட்டி, "நம்ம பழைய பைப் எங்கே?" என்றார். "பட்டறையில இருக்குதுங்க," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "குட்! அதையும் இதே மாதிரி வழவழ பண்ணு. ரெண்டும் சீமைக்குப் போகுது!"

ஆகையால் மேலே எழுதிய எதையும் துரையிடம் மூச்சுவிட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் யாராவது குழி விழுந்த பைப்பை அசந்து மறந்து எங்காவது வைத்திருந்தால், நாளைப் பஸ்ஸிலேயே அனுப்பிவைக்கவும்.