மூன்று நாளில் ஆறு கோல்ஃப் மைதானம்

செஞ்சி,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் இராமச்சந்திரன் அவர்களின் சமூகத்துக்கு, செஞ்சி முருகையன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை சுந்தராம்பாள், இரண்டு வேன்களில் ஒன்று ஆகியோர் மேல்மலையனூர் அங்காளம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கு தாங்களும் அக்கா மகாலட்சுமியும் அவ்வாறே இருக்க வேண்டும். அக்காவின் முழங்காலுக்குக் கொடுத்தனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறார்களா, இல்லை பாட்டில் அலமாரியில் அழகு பார்க்கிறதா என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே திருத்தம் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது உங்களுக்குப் போகாமல் குடும்ப குரூப்பில் போய் விழுகிறது. இது அப்படி விழக்கூடாத விஷயம். நம் ஷோபனாவின் கல்யாண விஷயம்.

நீங்கள் முன்னின்று பேசிய இடம். மாப்பிள்ளைப் பையன் எழிலரசனும் நம் பெண்ணும் சென்னையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சம்மதித்து எல்லாம் கூடி வந்த இடம். பையனின் அப்பா இளையபெருமாள் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். ஆனால் முக்கியமான நேரத்தில் வழக்கம்போல் தெருவுக்குப் போய் யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் அவர் என் தொழிலைப் பற்றி விசாரித்தார். அமாவாசைக்கு மலையனூர், மற்ற நாளில் நவக்கிரகம், அறுபடை வீடு என்று வேன் விடுகிறேன் என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. “நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் வருஷா வருஷம் வெளியூர் போய் கோல்ஃப் ஆடுவோம். இந்த வருஷம் நீங்களே நல்ல மைதானமா பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டுப் போங்களேன். வந்ததும் நிச்சயதார்த்தத் தேதியைக் குறிச்சுடலாம்” என்றார். சமையலறை வாசலில் நின்ற ஷோபனா இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி எனக்கு ஏதோ ஜாடை காட்டினாள். இன்னொரு தட்டு முறுக்கு கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாளாக்கும் என்று நான் பலமாகத் தலையாட்டிவிட்டேன். இளையபெருமாள் அதைத் தனக்கான சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் ஷோபனா பிடித்துக்கொண்டாள். “நைனா, கோல்ஃபுன்னா இன்னானு தெரியுமா உனக்கு?”

“டிவியில ஏற்கெனவே பாத்துக்கிறேன். மட்டையால அடிச்சிப் பந்தைக் குழியில வுடுறது. அவ்ளோதான?”

“எந்த மைதானம், எவ்ளோ நேரம்னு எல்லாம் அவரையே கேட்டுக்க நைனா. நீயா ஒண்ணும் பண்ணாத.”

கேட்டிருக்கலாம். ஆனால் மச்சான், இத்தனை வருஷம் டூர் நடத்துகிறவன், வேனில் ஏறுகிறவரைப் பார்த்து ‘எந்தக் கோயில் நல்ல கோயில்’ என்று கேட்டால் தொழிலுக்கு மரியாதை உண்டா? அதுவும் சம்பந்தம் பேசும் இடத்தில்? எள் என்றால் எண்ணெயாக நின்று காட்ட வேண்டாமா?

ஆகவே நான் எனக்குத் தெரிந்த முறையில் இறங்கினேன். புது ஸ்தலம் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் என்ன விசாரிப்பேனோ அதையே ஒவ்வொரு கோல்ஃப் மைதானத்துக்கும் போன் போட்டு விசாரித்தேன். வேன் நிறுத்த நிழல் உண்டா, கழிப்பறை சுத்தமா, பக்கத்தில் தண்ணீர் கிடைக்குமா என்பதெல்லாம் முடிந்ததும், “உங்க மைதானத்துக்கு இன்னாங்க விசேஷம்?” என்பேன். ஒருவர் வெள்ளைக்காரன் காலத்து மைதானம் என்றார். பழமை வாய்ந்த ஸ்தலம், சேர்த்துக்கொண்டேன். ஒருவர் பனி மேகம் காலுக்குக் கீழே போகும் என்றார். சேர்த்துக்கொண்டேன். கொடைக்கானல்காரர் மைதானத்துக்குள் காட்டெருமை வரும் என்றார். சாமியின் வாகனமே நேரில் வந்து நிற்கிற ஸ்தலம் வேறு எங்கே இருக்கிறது? சேர்த்துக்கொண்டேன். “நடை எப்போ சாத்துவீங்க?” என்று கேட்டதற்கு மட்டும் எல்லோருமே ‘எந்த நடை?’ என்று திருப்பிக் கேட்டார்கள். எது சிறந்த மைதானம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன்னுடையதே என்றார்கள். அறுபடை வீட்டில் எது ஒசத்தி என்று கேட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் முருகன் மற்ற ஐந்து வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டானா? ஆகவே ஆறு மைதானத்துக்கும் போவது என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் இரண்டு, குன்னூர் பக்கம், ஊட்டி, மூணாறு, கொடைக்கானல். மொத்தம் மூன்று நாள். மைதானத்துக்கு முக்கால் மணி நேரம். இதைச் சொன்னபோது இளையபெருமாள் போனில் வாய்விட்டுச் சிரித்தார். ஆறு என்றதும் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் நான் தமாஷ் செய்வதாக நினைத்தாராம்.

குறித்த நாளில் நால்வரும் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். மட்டைகளுக்குக் கம்பளித் தொப்பி போட்டு வைத்திருந்தார்கள் மச்சான். கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு பத்திரம் கிடையாது. நம் வழக்கப்படி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, அப்படியே அந்தத் தொப்பிகளையும் கழற்றி ஒவ்வொரு மட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். இளையபெருமாளின் நண்பர் டாக்டர் ராமகிருஷ்ணன் என்பவர் தன் மட்டையைப் பார்த்து, “இது இங்கிலாந்துலேருந்து வரவழைச்சதுங்க” என்றார். “அப்போ ரெண்டு பொட்டா வச்சிடுறேன் சார், கண்ணு பட்டிருக்கும்” என்று சொல்லி இன்னொன்று வைத்தேன்.

முதல் மைதானம் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. ஆனால் வயிறு எரிந்தது. அவ்வளவு தண்ணீர் பாய்ச்சி, அவ்வளவு உரம் போட்டு, ஒரு மல்லாட்டைச் செடிகூட வைக்காத நிலத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நால்வரும் பந்தை அடிப்பதும், பிறகு அதைத் தேடிக்கொண்டு காலார நடப்பதுமாக இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனபோது மூன்றாவது குழியில் நின்றார்கள். டாக்டர் குனிந்து, மூச்சைக்கூட விடாமல், பந்தை மெல்லத் தட்டப் போனார். நான் என் தொழில் விசிலை எடுத்து ஊதினேன். மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நம் ஆட்களைத் திரட்டுகிற விசில் மச்சான், அதன் பலம் உங்களுக்குத் தெரியும். பந்து குழியைத் தாண்டிக் குளத்துக்குப் போய்விட்டது.

“என்ன சார் இது! ஆட்டத்துல பதினெட்டு குழி இருக்கு. ஆடி முடிக்க அரை நாள் ஆகும்” என்று டாக்டர் கத்தினார்.

தரிசனத்துக்கு வருகிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். விட்டால் கொடிமரத்தடியிலேயே படுத்துவிடுவார்கள். “இன்னும் அஞ்சு மைதானம் பாக்கி இருக்குது சார்” என்றேன். இளையபெருமாள் முதல் ஆளாக வேனில் ஏறினார். நல்ல மனுஷன், நேரத்தின் அருமை தெரிந்தவர் என்று அப்போது மெச்சிக்கொண்டேன்.

டாக்டர் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. பெரிய கோயிலில் நேரம் இல்லாவிட்டால் சுற்றுச் சந்நிதிகளை விட்டு நேராக மூலவரிடம் போவதில்லையா? அதனால் இரண்டாவது மைதானத்தில் எடுத்த எடுப்பிலேயே பதினெட்டாவது குழிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, “இதுதான் முக்கியமானது, நல்லா ஆடிக்கங்க” என்றேன். டாக்டர் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று மோர் வாங்கிக் கொடுத்தேன்.

குன்னூர் பக்கத்து மைதானத்தில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. நம் சமையல்காரர் விநாயகம்தான் பொறுப்பு. காற்று அடித்ததால் அடுப்பு நிற்கவில்லை என்று அவர் இடம் தேடியிருக்கிறார். “இங்க பள்ளம் தோண்டி மணலு கொட்டி வச்சிக்கிறாங்கண்ணே, அடுப்புக்குத் தோதா இருக்குது” என்றார். எனக்கும் ஏதோ கட்டட வேலை நடப்பதாகத்தான் பட்டது. அந்த மணல் பள்ளமே ஆட்டத்தில் சேர்த்தி என்று யாருக்குத் தெரியும்? தக்காளி சாதம் தம்மில் இறங்கி, மூடியைத் திறந்த சமயம், டாக்டர் அடித்த பந்து வானத்தில் ஏறி வந்து அண்டாவுக்குள் விழுந்தது.

“கரண்டியால எடுத்துத் தரட்டா சார்?” என்றார் விநாயகம்.

“தொடக்கூடாது. பந்து விழுந்த இடத்திலிருந்துதான் அடிக்கணும். அதுதான் விதி” என்றார் இளையபெருமாள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்.

“சாதத்துலேருந்தா?” என்றார் டாக்டர்.

இருவருக்கும் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. மற்ற இரண்டு நண்பர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அது தீர்வதற்குள் நேரம் முடிந்ததால் நான் விசில் ஊத வேண்டியதாயிற்று. சாதம் வீணாகவில்லை, மைதானத்துக்காரர்களே இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஊட்டியும் மூணாறும் மழையில் போயின. கொடைக்கானலில்தான் எனக்கு நேரம் சரியில்லை. சொன்னபடியே காட்டெருமை வந்து நின்றது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டேன். அது தன் பாட்டுக்குப் புல் மேய்ந்தது, இவர்கள் தங்கள் பாட்டுக்குத் தள்ளி நின்று ஆடினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஆனதும் நான் கடமையைச் செய்தேன். விசில் சத்தம் கேட்டுக் காட்டெருமை தலையைத் தூக்கியது. நான் கூப்பிடாமலே நாலு பேரும் ஓடிப்போய் வேனில் ஏறியது அந்த ஒரு முறைதான். அவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. வேன் கதவை மட்டும் ஒரு முட்டு முட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டது. கதவைக் கயிற்றால் கட்டித்தான் செஞ்சிவரை வந்தோம்.

வழி நெடுக டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இளையபெருமாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க வந்தார். பெரிய மனுஷனை அழவைத்துவிட்டோமே என்று வழியில் ஒரு சோடா வாங்கி நீட்டினேன். செஞ்சியில் இறங்கி, காபியைக் குடித்துவிட்டு, ராஜகிரி மலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், “ஊருக்குப் போய்ப் பேசறேன் முருகையன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை.

நேற்று ஷோபனா பேசினாள். “அவரு வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க நைனா. அப்படி இன்னாதான் பண்ணி வச்ச?” என்றாள். கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனை வைத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பையனைப் பற்றிப் பேசும்போது என் பெண் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை என் விசிலே அணைத்துவிட்டது என்றால் நான் எப்படித் தாங்குவேன்?

ஆகவே தாய்மாமனான நீங்கள்தான் பூ, பழத்தோடு இளையபெருமாள் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். குற்றம் முழுக்க அப்பனுடையது, பெண் ஒரு பாவமும் அறியாதவள் என்று சொல்லுங்கள். வேண்டுமானால் ஒரே ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் விடுகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் ஆடட்டும், நான் வேனை விட்டு இறங்கக்கூட மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள். இனிமேல் கோல்ஃப் என்ற பேச்சை இந்த முருகையன் எடுத்தால் நீங்கள் என்னை மச்சான் என்றே கூப்பிட வேண்டாம். தயவுசெய்து அங்கே போய்த் தெருவில் நின்று போன் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. அங்காளம்மன் உங்கள் வீட்டு விளக்கை எப்போதும் எரிய வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
முருகையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இளையபெருமாளிடமிருந்து போன் வந்தது. கொடைக்கானல் குளிர் பிடித்து, வீடு சேர்ந்த மறுநாளே தொண்டை கட்டி, இத்தனை நாள் பேச முடியாமல் இருந்தாராம்; நல்ல சேதியைத் தன் வாயால்தான் சொல்வேன் என்று வீட்டில் மற்றவர்களையும் பேச விடவில்லையாம். இன்றுதான் குரல் திரும்பியதாம். “வருஷா வருஷம் டாக்டர்கிட்ட தோத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கதவைத் திறக்கும்போதே என் சம்சாரம், ‘தோல்விதானே?’ன்னு கேப்பா. இந்த வருஷம் ஆறு மைதானம் போயும் ஒரு ஆட்டம்கூட முடியல. ஆட்டமே முடியலன்னா யாரு தோத்ததுன்னு எப்படிச் சொல்றது? முதல் தடவையா, ‘தோக்கல’ன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சேன் சம்பந்தி!” என்றார். சம்பந்தி என்றே சொன்னார் மச்சான், என் காதால் கேட்டேன். தை மாதத்தில் நிச்சயதார்த்தம். அதனால் மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம், நீங்கள் அவர் வீட்டுக்குப் போகவும் வேண்டாம். போனால் டாக்டரும் அங்கே வந்து உங்களைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு மைதானத்தில் முழு ஆட்டம் ஆட ஏற்பாடு செய்யச் சொல்லிக் கெஞ்சுவார், நீங்களும் இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். அடுத்த வருஷத்துக்கு எட்டு மைதானம் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட ஆட்டம் முடியாது என்று சம்பந்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.