ஹனூருக்கு எப்படித் தெரிந்தது?

பந்து இன்னும் பிரதிபாவின் கையை விட்டே கிளம்பவில்லை. அதற்குள் ஹனூர் அணியின் எட்டாம் நம்பர்க்காரி இரண்டடி பின்னால் போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நிதானமாக நின்றுகொண்டாள். பந்து மெதுவாகத்தான் வந்தது. அவள் அடித்த அடியில் அது வேலியைத் தாண்டிப் போய், தெருவில் நின்ற கரும்புச்சாறு வண்டியின் கூரையில் விழுந்தது.

எல்லைக்கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மைசூரு அணியின் மேனேஜர் ஸ்ரீகண்டன் எழுந்து நின்றார்.

"மெதுவா வரும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கனகலக்ஷ்மி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "கண்ணு இருக்கில்ல, பார்த்திருப்பா."

"பந்து கைல இருக்கும்போதே தெரிஞ்சிருக்கு. நம்ம ஆள் யாரோ சொல்லியிருக்கா."

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் கனகலக்ஷ்மி. "காப்பி குடிக்கறீங்களா, இல்ல அதுலயும் சந்தேகமா?"

ஸ்ரீகண்டன் முப்பத்தோரு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதகர். சந்தேகப்படுவதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவர். ஓடுகிற ரயிலில் கழிவறைக் கதவு மூடியிருந்தால், உள்ளே இருப்பவனுக்கு வயிறு சரியில்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். டிக்கெட் இல்லை என்று இவர் நினைப்பார். பாதிக்குப் பாதி அதுதான் உண்மையாகவும் இருக்கும். அதனால் அந்தப் பழக்கத்தை விட அவருக்குக் காரணமே கிடைக்கவில்லை.

இளவயதில் ரயில்வே அணிக்கு ஆடியவர் என்பதால், பெண்களுக்கான இந்தப் பத்து ஓவர் போட்டியில் மைசூரு அணியை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மாண்டியா, சாமராஜநகர், ஹனூர் என்று இன்னும் மூன்று அணிகள். ஒவ்வொன்றோடும் இரண்டு முறை மோதவேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு இறுதி ஆட்டம். அதைப் பார்க்க பெங்களூரிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள்.

மாண்டியாவை அடித்தாயிற்று. சாமராஜநகரையும் அடித்தாயிற்று. ஹனூரிடம் மட்டும் தோல்வி. அதுவும், எடுத்த ஒவ்வொரு முடிவும் முன்கூட்டியே எதிரிக்குத் தெரிந்துவிட்ட தோல்வி.

அன்று ஆட்டம் முடிந்ததும் ஸ்ரீகண்டன் பன்னிரண்டு பெண்களையும் வேப்பமரத்தடியில் நிற்க வைத்தார்.

"இனிமே ப்ளான் பத்தி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மைதானத்துல காத்துக்குக்கூட காது இருக்கு. எதுவா இருந்தாலும் எழுத்துலதான். நம்ம வாட்ஸப் குரூப்ல மட்டும்தான்."

போட்டிக்காரர்கள் கொடுத்த, நான்கு அணிக்கும் பொதுவான பட்டியலிலிருந்து எண்களை அவரே பார்த்துச் சேர்த்து, குழுவுக்கு 'மைசூரு ரகசியம்' என்று பெயர் வைத்திருந்தார்.

"சார், சும்மனே டவுட் படறீங்க," என்றாள் கேப்டன் ஹம்ஸா. "அவங்க நல்லா ஆடினாங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

"கேப்டன் மாதிரி பேசு, ஹனூர் வக்கீல் மாதிரி பேசாதே," என்றார் ஸ்ரீகண்டன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மறுபடி ஹனூர். முந்தின நாளே ஸ்ரீகண்டன் மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். யார் முதலில் இறங்குவது, யாருக்குத் தோள்வலி, எட்டாம் நம்பரை எப்படி ஏமாற்றுவது, எல்லாம் வரிசை எண் போட்டு. எல்லாரும் படித்தாயிற்று என்று நீல டிக் வந்தபிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் ஹனூர்க்காரிகள் தோள்வலிக்காரி நின்ற பக்கமாகவே பந்தைத் தட்டித் தட்டி இரண்டிரண்டு ரன்னாக ஓடினார்கள். எட்டாம் நம்பர் எதிலும் ஏமாறவில்லை. போன தடவை பதினோரு ரன்னில் தோற்ற மைசூரு இந்தத் தடவை இருபத்தாறு ரன்னில் தோற்றது. புள்ளிக்கணக்கில் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. அதிலும் எதிரி ஹனூர்தான். ஞாயிற்றுக்கிழமை, அதாவது மறுநாளே.

பன்னிரண்டில் ஒருத்தி. அது யார்?

சந்தேகம் போய் நின்ற இடம் தாரணி. நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிற பெண். இடது கைப் பந்துவீச்சு. கடைசி ஓவரை அவளிடம் கொடுத்தால் மாண்டியாக்காரிகள் மட்டையைத் தூக்கவே பயந்தார்கள். தினமும் ரயிலில் வந்து போகிறவள். ஸ்ரீகண்டன் இரண்டு முறை அவளுடைய சீசன் டிக்கெட்டைப் பார்த்திருக்கிறார். சரியாகத்தான் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே அவருக்கு இப்போது உறுத்தியது.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. குழுவில் செய்தி வந்து மற்றவர்கள் போனைப் பார்க்கும்போது அவள் மட்டும் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். ப்ளான் பற்றிப் பேச்சு வந்தால் தலை குனிந்துவிடும். அன்று காலையில்கூட ஹம்ஸாவிடம் போய், "அக்கா, இன்னைக்கு நான் எத்தனாவது ஓவர் போடணும்?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறது, அதில் நான்காம் எண்ணில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, எத்தனாவது ஓவராம்!

"நடிப்பு," என்றார் ஸ்ரீகண்டன் மனைவியிடம். "டிக்கெட் இல்லாதவன்தான் முதல்ல 'இந்த வண்டி எங்க சார் போகுது?'ம்பான்."

"உங்க நிழல் உங்க பின்னால வந்தாக்கூட டிக்கெட் கேப்பீங்க," என்றாள் கனகலக்ஷ்மி. "அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியல."

"முகத்தைப் பார்த்தா டிக்கெட் தெரியாது."

அன்று மாலையே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாரணியின் எண்ணுக்குத் தனியாக ஒரு செய்தி தட்டினார்: 'நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க கூட்டத்துல இருந்துக்கிட்டே ஹனூருக்கு எல்லாம் சொல்லியிருக்கே. மனசாட்சி இருந்தா ஒத்துக்கோ.'

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'ஸாரி சார். பயமா இருந்துச்சு. அதான் சொல்லல.'

ஸ்ரீகண்டன் போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். கனகலக்ஷ்மி இரண்டு முறை படித்தாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த கை நின்றது. முப்பது வருட மணவாழ்க்கையில் முதல் தடவையாக, "நீங்க சொன்னது சரிதான் போல," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இறுதி ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

அவளைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கலாம். ஆனால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அணி கலகலத்துப் போகும். அதனால் வேறு வழி பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாரணி சிரித்த முகத்தோடு வந்தாள். "குட் மார்னிங் சார்! அம்மா சாமுண்டி மலைக்கு வேண்டிக்கிட்டிருக்காங்க."

நேற்று மன்னிப்புக் கேட்டவள் இன்று சாமுண்டியைத் துணைக்கு அழைக்கிறாள்! ஸ்ரீகண்டன் கையை நீட்டினார்.

"போனைக் கொடு."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு உனக்கே தெரியும். இன்னைக்கு நீ ஆடல. தண்ணி கொண்டு கொடு."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. போனைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் டிரம் பக்கம் நடந்தாள். ஸ்ரீகண்டன் அதைத் தன் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

ஹம்ஸா ஓடி வந்தாள். "சார், பேட சார், வேண்டாம்! கடைசி ஓவருக்கு அவள விட்டா யாரு?"

"கடைசி ஓவர் வரைக்கும் ஆட்டம் போகாது. நம்ம ப்ளான் இன்னைக்கு வெளியே போக வழியே இல்ல."

இன்னும் ஒரு காவலும் போட்டார். அன்றைய ப்ளானை எழுதவில்லை. குரல் பதிவாக, சுத்தமான தமிழில் பேசி அனுப்பினார். தப்பித் தவறி வெளியே போனாலும் ஹனூர்க்காரிகளுக்கு என்ன புரியும்? ஹனூர் என்றால் கன்னடம்தானே. ரயில் போகாத எல்லையோர ஊர்களைப் பற்றி ஸ்ரீகண்டனுக்கு அதிகம் தெரியாது.

முதல் மூன்று ஓவர் அடக்கி ஆடுவது, நான்காவது ஓவரில் நேராகத் தூக்கி அடிப்பது. இதுதான் ப்ளான். மூன்று ஓவர் அடக்கி ஆடினார்கள். நான்காவது ஓவர் தொடங்கும்போது எட்டாம் நம்பர் கையைத் தட்டி, இரண்டு பெண்களை நேர் எதிரே வேலியோரம் போய் நிற்கச் சொன்னாள்.

ஸ்ரீகண்டன் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி பூட்டியபடியே இருந்தது.

ஹம்ஸா தூக்கி அடித்தாள். வேலியோரம் நின்றவள் நகராமலே பிடித்தாள்.

அடுத்து வந்த பிரதிபாவுக்கு வீட்டில் மட்டும்தான் தமிழ், அதுவும் பாதி. ஸ்ரீகண்டன் எல்லைக்கோட்டில் நின்று கத்தினார்: "பிரதிபா! மேலே அடி! மேலே அடி!"

பிரதிபா மட்டையை மேலே தூக்கினாள். கீழே இறக்கினாள். மறுபடி தூக்கினாள். அதற்குள் ஸ்டம்ப் விழுந்துவிட்டது.

"என்னம்மா பண்ணின?"

"நீங்க 'மேலே'ன்னீங்க, அப்புறம் 'அடி'ன்னீங்க," என்று அழாத குறையாகச் சொன்னாள். "கன்னடத்துல அடின்னா கீழே சார். மேலேயா கீழேயா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

சொந்த அணிக்குப் புரியாத அந்தத் தமிழ், எட்டாம் நம்பருக்கு மட்டும் எப்படியோ புரிந்தது. அவர் "மேலே" என்று வாயெடுக்கும்போதே அவள் பின்னால் நகர்ந்தாள். "தட்டி விடு" என்றால் முன்னால் வந்தாள்.

"அந்தத் தாரணி," என்று ஸ்ரீகண்டன் பல்லைக் கடித்தார், "ஒரே வாரத்துல அவங்களுக்குத் தமிழும் சொல்லிக் கொடுத்துட்டா!"

"அவ போன்தான் உங்க பெட்டில இருக்கே?" என்றாள் கனகலக்ஷ்மி.

அது உண்மை. அப்படியானால் இன்னொருத்தி இருக்கிறாள். ஹம்ஸாவா? பிரதிபாவா? பார்வை மெல்லத் திரும்பி மனைவியின் மேல் வந்து நின்றது.

"நீ யார்கிட்டயாவது..."

"எனக்கு நோ பால்னா காலைல பால் வரலைன்னுதான் அர்த்தம்," என்றாள் அவள். "என்னை விட்டுடுங்க."

மைசூரு ஐம்பத்தெட்டு ரன் எடுத்தது. ஹனூருக்குக் கடைசி ஓவரில் ஏழு ரன் வேண்டியிருந்தது. போட ஆளில்லாமல் தோள்வலிக்காரியையே கூப்பிட்டார்கள். எட்டாம் நம்பர் நான்காவது பந்தில் ஆட்டத்தை முடித்தாள். தாரணி டம்ளர்களைக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர்களில் ஒரு அம்மாள் நோட்டோடு ஸ்ரீகண்டனிடம் வந்தார். "ஸ்கோர் ஷீட்ல பார்த்தோம், உங்ககிட்ட ஒரு லெஃப்ட் ஆர்ம் பொண்ணு இருக்காளாமே. ஏன் ஆடல? ஒரு ஆறு பந்து போடச் சொல்லுங்க, பார்க்கறோம்."

"வேண்டாம் மேடம்," என்றார் ஸ்ரீகண்டன். "நம்பிக்கையான பொண்ணு இல்ல."

அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "பரிசளிப்பு முடியற வரைக்கும் இங்கதான் இருப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேப்பமரத்தடியில் தாரணி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை.

"போனைக் கொடுங்க சார், வண்டிக்கு நேரமாச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"என்னையே கேக்கறியா?" ஸ்ரீகண்டன் சாவியை எடுத்தார். "நேத்து ஸாரி சொன்ன வாய்தானே இது?"

"ஸாரியா? யாருக்கு சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால், ஹனூரின் எட்டாம் நம்பர். கழுத்தில் பதக்கம், கையில் போன். தூரத்தில் ஹனூர் மேனேஜர் ரத்தினசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் குனிந்து ஸ்ரீகண்டனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

"சார், நானுந் தாரணிதானுங்க, ராமாபுரத்துப் பொண்ணு... பெரியவங்க சேர்த்திருக்கறீங்களே, விட்டுப் போனா மரியாதையா இருக்காதுன்னு இத்தன நாளா இருந்துட்டனுங்க. இப்ப எங்க மேனேஜரு என்மேலயே சந்தேகப்படறாருங்க, அந்த 'மைசூரு ரகசியம்' குரூப்புல இருந்து தயவுபண்ணி என்னைய எடுத்து வுட்டுருங்க!"