பந்திக்கு டோக்கன்

பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கல்யாண வீட்டில் எந்தப் பொறுப்பிலும் வைக்கக் கூடாது. பூ கிள்ளிப் போடச் சொல்லலாம், பன்னீர் தெளிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் அதை மேம்படுத்திவிடுவோம். நான் என் அக்கா கல்யாணத்தின் காலைப் பந்தியை மேம்படுத்தினேன். முகூர்த்த நேரம் நெருங்கியபோது தாய்மாமன் மாலையோடு மண்டபத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். (கணக்கில் பிழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.)

அப்போது நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். என் ஆராய்ச்சி வரிசைகளைப் பற்றியது. நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரிகள் வாசலில் காத்துக் கிடக்கும். எந்த லாரியை எந்த நேரத்துக்கு வரச் சொல்லி டோக்கன் கொடுத்தால் காத்திருப்பு குறையும் என்று சமன்பாடு எழுதிச் சொல்வதுதான் என் வேலை. ஓர் ஆலையில் அதை முயன்று பார்த்தார்கள். சாலை வரை நின்ற வரிசை காணாமல் போனது. டிரைவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. ரேஷன் கடைக் கூட்டத்தைப் பார்த்தாலும், ஈரோடு பஸ்ஸில் முண்டியடிக்கும் கூட்டத்தைப் பார்த்தாலும், ‘பாவம், இவர்கள் என்னிடம் கேட்டிருக்கலாமே’ என்று தோன்றும்.

ஆட்டையாம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் அப்பாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்று புரியாது. அதனால் அதைப் பற்றி அவர் பேசாத ஆளும் கிடையாது. “என்ற புள்ள கணக்குல ஆராய்ச்சி பண்றாளுங்க. அவ சொன்னா லாரி நிக்குது, அவ சொன்னா லாரி போகுது” என்பார். (இதைக் கேட்டு என்னைப் போக்குவரத்துப் போலீஸ் என்று நினைத்து, லைசென்ஸ் புதுப்பிக்க வழி கேட்டவர்களும் உண்டு.)

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் அதில் கை வைத்தேன் என்பது புரியும். சாப்பிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இலையில் இன்னும் எவ்வளவு பொங்கல் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். சாப்பிடுகிறவருக்கு முதுகில் கண் முளைக்கும். இதை ஒழித்தே தீருவேன் என்று முடிவு செய்தேன்.

“பந்திய என்கிட்ட உட்ருங்கப்பா. ஒருத்தரும் நிக்க வேண்டியதில்லீங்க” என்றேன்.

“சாப்பிட வர்றவங்களுக்குச் சீட்டுக் குடுப்பியாடி?” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு. புள்ளைக்குத் தெரியாததா?” என்றார் அப்பா. அம்மா அதோடு விட்டுவிட்டாள். (அதை இன்றைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள் என்பது வேறு விஷயம்.)

யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்த பஸ் எப்போது வரும், ஒரு பந்தி முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லாவற்றையும் சமன்பாட்டில் போட்டேன். ஒரு பந்திக்கு ஒரு நிறம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து விடியற்காலையே கிளம்பி வருகிறவர்களுக்குப் பசிக்கும் என்பதால் முதல் பந்தி, பச்சை டோக்கன். என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், உள்ளூர்க்காரர். மண்டபம் இருந்த திருச்செங்கோட்டிலேயே போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். சீர், மாலை என்று அவருக்கு வேலை அதிகம். எனவே கடைசிப் பந்தி, மஞ்சள் டோக்கன். எவ்வளவு கரிசனமான கணக்கு!

கல்யாணத்தன்று சந்தனம், கற்கண்டுக்குப் பக்கத்தில் நின்று நானே டோக்கன் கொடுத்தேன். வாங்கியவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “செரி அம்மிணி” என்றார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்தி நேரம் வந்தது. இலை போட்டாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று, பொங்கல் ஆவி பறக்கிறது. என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் பச்சை டோக்கனை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் மட்டும்தான். அவ்வளவு பெரிய கூடத்தில் நீளமாக விரித்த இலைகளுக்கு நடுவே ஒரே ஒரு பேராசிரியர். சாப்பிட வேறு ஆள் இல்லாததால் பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் இலையில் வடை குவிந்துகொண்டே போனது.

“மத்தவங்கெல்லாம் எங்கம்மா?” என்றார்.

“வந்துருவாங்க சார். ஆரம்பத்துல மட்டும் கொஞ்சம் தாமதம் இருக்கும்” என்றேன். காத்திருப்போர் வரிசையின் நீளம் பூஜ்யம் என்பதைக் கவனித்து, வெட்கமில்லாமல் ஒரு நிமிடம் மகிழ்ந்தேன்.

அம்மா ஓடி வந்தாள். “உங்க மாமன் டோக்கனப் பார்த்துட்டு, வெளிய போயி கார்ல உக்காந்துட்டாரு. மாலையும் அவருகிட்டத்தான் இருக்குது.”

தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் வீட்டில் பெண் மணவறைக்குப் போவதில்லை. மணமகள் அறையில் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பொங்கலே தீய்ந்திருக்கும். “லாரியெல்லாம் தீந்துபோச்சாடி? என்ற கல்யாணந்தான் கெடச்சுதா?” என்றாள்.

வெளியே மாப்பிள்ளையின் அப்பா வந்து, “ஏனுங்க, ஏதோ தடங்கலாட்டத் தெரியுதுங்களே?” என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஆனாலும், “என்ற புள்ள போட்ட கணக்குங்க. தப்பு வராது. செத்தப் பொறுங்க” என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிலைமை உறைத்தது. என் சமன்பாடு தோற்றால் வேறொன்று எழுதிக்கொள்ளலாம். மாமா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அக்காவின் முகூர்த்தம் போகும். அத்தனை பேர் முன்னால் அப்பா தலைகுனிந்து நிற்பார். அவர் என்னை இவ்வளவு நம்புவது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வெளியே போனால், பாதி மண்டபம் அங்கேதான் நின்றது. வேப்பமரத்தடியில் மாமாவின் கார். முன்சீட்டில் மாமா, மடியில் மாலைத் தட்டு. காரைச் சுற்றிப் பச்சை, சிவப்பு, நீலம் என்று எல்லா நிற டோக்கன்களும் பசியோடு நின்றன.

“மாமா, நீங்க சீர் வேலையில இருப்பீங்கன்னுதான் கடைசிப் பந்திங்க. சராசரியா ஒருத்தர் காத்திருக்கிற நேரம்…”

“அம்மிணி,” என்றார் மாமா, “டீசல் போடப் போனாக்கூட ‘வாங்க வாங்க’ன்னு கூப்பிட்டுட்டுத்தான் அடிக்கிறாங்கொ. என்ற தங்கச்சி ஊட்டுல சோறு திங்க எனக்கு டைம் போட்டுக் குடுத்துருக்கறயே.”

“செரிங்க, பச்சை டோக்கன்காரங்களாவது உள்ள போலாமில்லீங்க?” என்று மற்றவர்களைப் பார்த்துக் கெஞ்சினேன்.

“அவரு உக்காராம நாங்க எப்படிங்க உக்கார்றது?” என்றார் அயோத்தியாப்பட்டணத்துச் சித்தப்பா. எல்லாத் தலைகளும் ஆடின.

அந்த நொடியில் எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. என் கணித மாதிரியில் ஒவ்வொரு விருந்தாளியும் தனித்தனி. ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கேயோ அத்தனை பேரும் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! அக்கா கல்யாணம், அப்பா காலர், எல்லாம் மறந்துபோனது. ஒருவர் கையிலிருந்த டோக்கனைப் பிடுங்கி, மொய்க்கவர் எழுத வைத்திருந்த பேனாவால் அதன் முதுகில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மாமா காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “அடப்பாவமே! தாலி கட்டற நேரத்துலயும் கணக்கு எழுதறா பாரு” என்றவர், தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினேன்.

“சாப்பிட வாங்க மாமா.”

“இதத்தான அம்மிணி சொல்லோணும்?” என்று கதவைத் திறந்து இறங்கினார்.

அடுத்து நடந்ததை எந்தச் சமன்பாடும் தாங்காது. மாமா உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் வேப்பமரத்தடி மொத்தமும் நுழைந்தது. என் டோக்கன்கள் காலடியில் மிதிபட்டன. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர். எட்டாவது வடையோடு போராடிக்கொண்டிருந்த பேராசிரியருக்குப் பின்னால் இரண்டு பேர். மாமா ஒரு வாய் பொங்கல் போட்டுக்கொண்டு, கை கழுவி, அக்காவுக்கு மாலை போட்டார். முகூர்த்தம் தப்பவில்லை. அப்பா மாப்பிள்ளையின் அப்பாவிடம், “நாஞ்சொன்னேனுங்களே” என்றார்.

திங்கட்கிழமை பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, வெளியே நடந்ததையெல்லாம் கேட்டார். “கார் பக்கத்துல நின்ன கூட்டத்தை எழுதும்மா. அதுதான் உன் ஆராய்ச்சி” என்றார். எழுதினேன். பிறகு பார்த்தால் தீவன ஆலையிலும் அது இருந்தது: ஒரே ஊர் டிரைவர்கள், தங்களில் மூத்தவர் வண்டியை எடுக்காமல் எடுக்கமாட்டார்கள். லாரிக்குத்தான் ரோஷம் கிடையாது, ஓட்டுகிறவருக்கு உண்டு. ஒரே ஆளுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு மாறிலியை, அதாவது சமன்பாட்டில் மாறாமல் நிற்கும் ஓர் எண்ணை, சேர்த்தேன். ஆய்வேட்டில் அதற்கு நீளமான, மரியாதையான பெயர். எங்கள் துறையில் எல்லோரும் மாமன் மாறிலி என்றுதான் சொன்னார்கள். அதை வைத்துக் கணக்கிட்டபோது ஆலை வரிசை முன்பைவிடச் சரியாக வந்தது. நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், அது நல்ல வேலை.

வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். என் பொதுமக்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், “இந்த மாறிலிக்கு நிஜ வாழ்க்கையில் ஆதாரம் இருக்கிறதா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையில் வெள்ளை வேட்டி எழுந்தது.

“நாந்தானுங்க அது” என்றார் மாமா.

பட்டம் உறுதி என்று அறிவித்த பிறகு பக்கத்து அறையில் சாப்பாடு. இலை போட்டாயிற்று. யாரும் நகரவில்லை. “ஏன், யாருக்கும் பசிக்கலையா?” என்று தேர்வாளர் கேட்டார். பேராசிரியர் சுவரோரம் கையைக் காட்டினார். அங்கே மாமா மின்விசிறியைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் போய்க் கைகூப்பினேன். அவர் சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த மஞ்சள் டோக்கனை எடுத்தார்.

“கடைசிப் பந்தின்னு போட்டிருக்குதே அம்மிணி, இப்பப் போலாமா?”

தேர்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ற புள்ள கணக்கு தப்பவே தப்பாதுங்க” என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் காதுகுத்தோ, கிரகப்பிரவேசமோ, இலை போட்டவுடன் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: “மாறிலி உக்காந்தாச்சுங்களா?” மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருவார். மறுநொடி மொத்தக் கூட்டமும் உட்கார்ந்துவிடும். எனக்கு மட்டும் இடம் கிடைக்காது. மாமாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவர் இலையைக் குனிந்து பார்த்தபடி நிற்பேன். (கணக்கில் பிழை இல்லை.)