இடைவெளி இல்லாத தாலாட்டு

இந்தக் கதையை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏமாந்தவர் அவர். ஏமாற்றியவள் நான். ஏமாற்றியவள் சொன்னால் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் உமாபதிக்குப் புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு வீடு வருவார். வந்து தூங்கலாம் என்றால், பின்வரிசையில் யாரோ வீட்டை உடைத்துக் கட்டுகிறார்கள். மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம். எனக்கு மதியம் இரண்டேகாலிலிருந்து நாலரை வரை ஹாலில் ஆங்கில டியூஷன். ஒன்பது பிள்ளைகள். அந்த நேரம் பின்னறையில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

பாப்பா பிறந்த பன்னிரண்டாம் நாள் பால் புரையேறி உதடு நீலமாகிவிட்டது. முதுகில் தட்டினேன். மூன்றாவது தட்டில் அழுதாள். கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவருக்கு ஒன்றுமில்லை. எனக்கு அன்றிலிருந்து உலகத்தில் இருப்பதெல்லாம் ஒரு மூக்குதான். அதன் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். காற்று வரும். விரலை எடுப்பேன். மறுபடி வைப்பேன்.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பாப்பாவின் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடிக் கண் திறந்திருக்க வேண்டும்.

"நீங்க தூங்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கதவத் திறந்து பாரு."

"கிளாஸ் நடுவுல எப்படி எந்திரிச்சு வர்றது? பாடுங்க. பாட்டு கேட்டுச்சுன்னா முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

"எனக்கு என்னா பாட்டு தெரியும், ராணி?"

"தெரிஞ்சதப் பாடுங்க."

பத்தாங் காலியில் வளர்ந்த மனிதருக்குத் தெரிந்தது ரயில் நிலையங்கள். "ரவாங்... செரண்டா... பத்தாங் காலி... ராசா..." என்று இழுத்து ஒரு ராகம் போட்டார். தஞ்சோங் மாலிம் போய்ச் சேர்ந்ததும் அப்படியே திரும்பி வருவார். மதியம் முழுக்க என் வீட்டுக்குள் ரயில் வடக்கும் தெற்கும் போய்வந்தது. பாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் நிம்மதி.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மதியம் ரயில் திடீரென்று நின்றது. இரண்டு விநாடிதான். என் நெஞ்சு நின்றுவிட்டது.

"என்னங்க?"

உள்ளேயிருந்து கரகரத்த குரல். "தண்ணி குடிச்சேன்."

பாட்டு தொடர்ந்தது. பதினோரு நிமிடத்தில் மறுபடி நின்றது. மறுபடி "என்னங்க?" மறுபடி தண்ணீர். அன்று மட்டும் அவர் பன்னிரண்டு தடவை தண்ணீர் குடித்தார். நான் பயந்துபோய் மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துப் போய் இனிப்பு நீர் இருக்கிறதா என்று ரத்தம் எடுக்க வைத்தேன். பேசாமல் கையை நீட்டினார். சர்க்கரை சரியாக இருந்தது. அவர்தான் சரியாக இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய மியூசிக் பிளேயரைக் கணினியில் சொருகிவிட்டு, ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவர் மாதிரி நின்றார்.

"என்ன செய்றீங்க?"

"ஃபர்ம்வேர் மாத்துறேன். இதுக்குள்ள கம்பெனிக்காரன் வச்ச மூளைய ஒதுக்கிட்டு, புது மூளை வைக்கிறேன்."

"யாரு மூளை?"

"உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதினது. ஓய்வு நேரத்துல. சும்மாவே குடுக்கிறாங்க."

"ஓய்வு நேரமா? அவங்க வீட்ல கைக்குழந்தையே இல்லையா?"

"ஓப்பன் சோர்ஸ், ராணி. யாரு வேணா திறந்து பாக்கலாம். எதையும் மறைக்கிறதில்ல. அதுதான் அதோட கொள்கை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பால் வடிந்தது.

திரை கறுத்துவிட்டது. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. அவர் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பிறகு வெளிச்சம் வந்தது. எழுந்து நின்று கும்பிட்டார்.

"புதுசா என்ன செய்யும்?"

"ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்றதுக்குள்ள இடைவெளியே இருக்காது."

"இதுக்கா ஞாயித்துக்கிழமை பூரா?"

"உனக்குப் புரியாதுலா."

எனக்குப் புரியவில்லைதான். ஆனால் நான் கான்வென்ட்டில் படித்தவள். கையேடு என்று ஒன்று இருந்தால் கடைசிப் பக்கம்வரை படிக்கச் சொல்லித்தான் சிஸ்டர் வளர்த்தார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அந்த மென்பொருளின் ஆங்கிலக் கையேட்டைப் போனில் இறக்கிக்கொண்டேன். எதுவும் வெடித்துவிடுமா என்று பார்க்கத்தான்.

மறுநாள் மதியம் பாட்டு நிற்கவே இல்லை. ரயில் ஒரே சீராக ஓடியது. என் கணவர் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருமாமல், தண்ணீர் குடிக்காமல் பாடினார். எனக்குக் கண் கலங்கியது. பக்கத்து வீட்டு அமராவதி அக்கா சுவர் வழியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் வீட்டுக்காரரு பிள்ளைய ஒரு நாள் தூக்கினதில்ல, ராணி. நீ குடுத்து வச்சவ."

அதே அமராவதி அக்கா புதன்கிழமை கேட்டில் நின்று திட்டிக்கொண்டிருந்தார். கையில் சில்லறை.

"என்னாலா இது? ரொட்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். ஓடி வந்தா ஆளக் காணோம். இன்னிக்கு மட்டும் அஞ்சு தடவை வந்துட்டேன். என் முட்டி என்னத்துக்கு ஆகும்?"

என் டியூஷன் பிள்ளைகளும் அதே நேரத்தில்தான் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 'பாம், பாம்.' பதினோரு நிமிடம். 'பாம், பாம்.' மறுபடி பதினோரு நிமிடம். ஒவ்வொரு தடவையும் செரண்டாவுக்கும் பத்தாங் காலிக்கும் நடுவில்தான் ஹார்ன் வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்துவிட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தேன்.

அவர் பாயில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் தொட்டிலின் முடிச்சில் பிளேயரும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் தொங்கின. அவர் குரல் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பன்னிரண்டு தடவைத் தண்ணீரும், இடைவெளி இல்லாத புது மூளையும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பதிவு செய்த அன்று தெருவில் போன ரொட்டிக்காரரும் கூடவே பாடினார். பாப்பா முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்குள் குனிந்தேன். மூக்கின் கீழே விரல் வைத்தேன். காற்று வந்தது.

எழுப்பிச் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முழங்கையில் புதிதாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. வேலையில் கண் அசந்தபோது பட்டிருக்கும்; அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல் இருந்தது. எனக்குக் கோபம் பாதி, பாவம் பாதி. பாவம் பார்த்தது அவரை. கோபம் போனது சமையலறைக்கு.

அங்கே ஐந்து கிலோ அரிசிப் பை இருந்தது. பாப்பாவின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். துண்டில் சுற்றித் தொட்டிலில் போட்டேன். ஸ்பிரிங் சரியாகத் தாழ்ந்தது. பாப்பாவைத் துணியில் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு கிளாஸுக்குப் போனேன்.

அவர் வைத்திருந்த பட்டியலையும் பார்த்துவிட்டேன். ரயில் பாட்டு பன்னிரண்டு தடவை. கடைசியில் உருமி மேளம். அதுதான் அவரை எழுப்ப. அவர் மாற்றிய புதுமூளை எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று திரையில் அழகாகக் காட்டியது. எந்த மூலையில் காட்டும் என்று கையேட்டில் படித்திருந்தேன். தினமும் பன்னிரண்டு வந்ததும் அரிசியை எடுத்துவிட்டுப் பாப்பாவைப் போடுவேன். மேளம் அடிக்கும். அவர் பதறி எழுந்து மேளத்தை நிறுத்திவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்.

"எப்படி இருந்தா?"

"அசையவே இல்ல. தங்கம்."

"அழுதாளா?"

"மூச்."

இன்னொரு நாள், "தூக்கத்துல ஒரு தடவை சிரிச்சா, ராணி" என்றார். அரிசி சிரித்திருக்கிறது. நான் தலையாட்டினேன். எதையும் மறைக்காத மென்பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் மறைத்து மறைத்தே மூன்று வாரம் ஓட்டினோம். அவருக்குக் கன்னத்தில் சதை போட்டது. எனக்குத் தோள்பட்டை விட்டுப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் பாட்டுக்காகப் போனேன். திரை இருட்டாகக் கிடந்தது. மணியைப் பார்த்து அரிசியையும் பாப்பாவையும் மாற்றிவிட்டு வந்தேன். அன்று மேளம் அடிக்கவில்லை. அவராகவே எழுந்து வந்தார். அசையவே இல்லை, தங்கம் என்று சொல்லவில்லை. சாயங்காலம் தட்டில் போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றார். "சத்தம் நின்னதும் எனக்கு முழிப்பு வந்துடுச்சு. உன்ன மாதிரியே மூக்குல விரல் வச்சுப் பாத்தேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மூக்கு இல்ல, ராணி."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"துணிய விலக்கிப் பாக்குறதுக்குள்ள எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. அஞ்சு கிலோன்னு எழுதியிருந்துச்சு. அதப் படிச்ச பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. கதவு இடுக்குல பாத்தேன். அவ உன் தோள்ல இருந்தா. திரும்பி வந்து படுத்துக்கிட்டேன்."

"அப்பவே கேக்குறதுதானே?"

"எந்த வாயால கேக்குறது?"

"தூங்கணும்னு நீங்க சொல்லியிருந்தா..."

"நீ விட்டிருக்க மாட்ட."

விட்டிருக்க மாட்டேன். அதைவிட மோசமான ஒன்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று பாட்டு நின்றது என் காதில் விழவே இல்லை. பாப்பா என் தோளுக்கு வந்த நாளிலிருந்து நான் அவர் குரலைக் கேட்பதையே விட்டிருந்தேன்.

புது ஏற்பாடு செய்தோம். பதினொன்றிலிருந்து இரண்டு வரை முன்னறையில் மின்விசிறியைச் சத்தமாகப் போட்டு அவர் தூங்குவார், நான் பாப்பாவோடு இருப்பேன். அதன்பிறகு அவர் நிஜமாகவே விழித்திருந்து பாடுவார். பிளேயர் அலமாரிக்குப் போனது. "சத்தியம்?" என்றேன். "சத்தியம்" என்றார்.

ஒரு வாரம் நிஜக் குரல் பாடியது. அடுத்த திங்கட்கிழமையும் பாட்டு கேட்டது. ராசாவை விழுங்கிவிட்டுக் கோலாகுபுவுக்குத் தாவியது, நடுவில் ஒரு இருமல், ஒரு மடக்குத் தண்ணீர். எவ்வளவு அழகான இருமல் என்று நினைத்துக்கொண்டே பிள்ளைகளுக்கு இறந்தகாலம் நடத்தினேன்.

பதினோரு நிமிடம் கழித்து அதே இடத்தில் அதே இருமல். அதே ஒரு மடக்கு.

மூன்றாவது இருமலுக்கு நான் காத்திருக்கவில்லை. சமையலறைக்குப் போய் அரிசிப் பையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னறைக் கதவைத் தள்ளினேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் திறந்திருந்தன. பாப்பா அவர் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய ஒரு விரல் அவள் மூக்கின் கீழே இருந்தது. பிளேயர் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது.

"தொண்டை கட்டிப்போச்சு" என்றார். குரலே இல்லை, வெறும் காற்று. "பாட்டு கேக்கலன்னா நீ பயந்துடுவேன்னு, தொண்டை இருக்கிறப்பவே நேத்து பதிஞ்சு வச்சேன்."

பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"அதுக்குப் பால் குடுத்துட்டியா?"