புகார் கொடுக்கும் பாடம்

“என் பை காணாமல் போய்விட்டது,” என்றார் வெல்டர், அந்நிய மொழியில், மூச்சு விடாமல்.

அவரிடம் பையே கிடையாது. மொழி வகுப்பு ஆசிரியைக்கு இலக்கணத்தில் நம்பிக்கை இல்லை. வாரம் ஒரு வேலை கொடுப்பார். வெளியே போய் அந்த மொழியிலேயே பேசி முடித்து, அத்தாட்சியோடு திரும்ப வேண்டும். இந்த வாரம், போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்குவது. வெல்டர் ஏற்கெனவே இரண்டு வேலைகளில் தோற்றிருந்தார். இதுவும் போனால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் பட்டறையில் வேலை இல்லை, இந்த நாட்டில் இடமும் இல்லை.

போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். “தொலைஞ்சுதா, யாராவது பிடுங்கிட்டாங்களா?”

கேள்வியில் பாதிதான் புரிந்தது. “ஆம்,” என்றார் வெல்டர்.

போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உள்ள என்ன இருந்தது?”

வெல்டர் தெரிந்த சொற்களைச் சொன்னார். “கடவுச்சீட்டு. தங்கச் சங்கிலி. குடை.”

போலீஸ்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

கூட வந்திருந்த மனைவி வெல்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். “என்னங்க, கதவை எதுக்குச் சாத்துறாரு? சும்மா சொன்னேன்னு சொல்லிடுங்க.”

“அதுக்கு வார்த்தை தெரியாதுடி. புகாரை வாபஸ் வாங்குறது அடுத்த வாரப் பாடம்.”

“ஆள் எப்படி இருந்தான்?” என்றார் போலீஸ்காரர்.

வெல்டருக்கு வேர்த்தது. கண்ணில் பட்டதைச் சொன்னார். “வழுக்கை. கண்ணாடி. பச்சைச் சட்டை.”

போலீஸ்காரர் மெல்லத் திரும்பி, சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

“பாவி மனுஷா,” என்றாள் மனைவி.

“இல்லை. இவர் நல்லவர். எனக்குத் தெரியும்,” என்றார் வெல்டர் அவசரமாக, போலீஸ்காரரிடம்.

“ஓ, தெரிஞ்ச ஆளா?” போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

பச்சைச் சட்டைக்காரர் எழுந்து வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, அதே மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “ஆம். நான்தான் செய்தேன். தவறுதான். என்னை மன்னித்துவிடுங்கள்.”

போலீஸ்காரர் கைவிலங்கு எடுக்க உள்ளே போனார்.

செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதர் சிறைக்குப் போகப்போகிறார். உண்மையைச் சொன்னால் வெல்டரே போக வேண்டும்.

“ஐயோ, இவரு ஒண்ணுமே செய்யலியே,” என்றார் வெல்டர், தமிழில்.

பச்சைச் சட்டைக்காரர் கதவைப் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்து தமிழிலேயே சொன்னார்.

“நான் காலை வகுப்புண்ணே. தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும், அதான் எனக்குக் கொடுத்த வேலை. மூணு நாளா இங்கயே உக்காந்திருக்கேன், என் மேல ஒருத்தரும் புகாரே கொடுக்கல.”