சாமிக்குக் காட்டிய தகரம்

தேயிலைத் தோட்டம், ரிங்லெட்
12.10.1987

அன்புமிக்க ஈப்போ மாமா அவர்களுக்கு, மருமகள் சீதா வணங்கி எழுதுவது. இங்கே பனியும் நாங்களும் சுகம்; அங்கே வெயிலும் நீங்களும் சுகமாயிருக்க வேண்டும்.

உங்கள் வக்கீலிடம் கேட்டு நீங்கள் எழுதியபடியேதான் அப்பா நடந்தார். விண்ணப்பம் போடும்வரை கருவியை யாருக்கும் காட்டக்கூடாது, ஊரறிந்தது புதியதாகாது, பேட்டண்ட் கிடைக்காது என்றீர்கள். கொழுந்து வெட்டும் கத்தரியில் பிஸ்கட் தகரத்தைப் பொருத்தி, சாய்த்தால் கொழுந்து முதுகுக் கூடைக்குள் விழும்படி செய்த அந்தக் கருவியைச் சாரோங்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்து, எட்டிப் பார்த்த பூனையைக்கூட விரட்டினார். விண்ணப்பத்துக்காக நான் வரைந்த கருவிப் படத்துக்கு, வரைந்தவுடனேயே பதிப்புரிமை எனக்கு வந்துவிட்டது, ஆனால் அது படத்தைத்தான் காக்கும், யோசனையைக் காக்காது என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "பாடுபட்டவன் நானு, உரிமை படம் போட்டவளுக்கா? நல்ல சட்டம்லா" என்றார். அப்போது பார்த்து ஆயுத பூஜை வந்தது. மண்வெட்டி, லோரி எல்லாம் கோயில் முன் சந்தனம் பூசி நிற்க, நம் கருவி மட்டும் கட்டிலுக்கடியில். சட்டத்தை நினைவூட்டினேன். "சாமிக்குக் காட்டாத ஆயுதத்தக் கையில எடுத்தா வெரலு போயிரும். ஈப்போ மச்சான் வந்து ஒட்டவைப்பாரா?" என்றார். அம்மா பொட்டு வைத்துக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் குடையால் மறைத்துக்கொண்டே போனேன். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு வேலப்பன், "என்னாண்ணே, கத்தரிக்குத் தொட்டிலா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். பொறுக்காத அப்பா தகரத்தின் வளைவிலிருந்து கம்பி முடிச்சுவரை எல்லாருக்கும் விளக்கி, ஓரத்துச் செடியில் வெட்டியும் காட்டிவிட்டார். அந்த வாரமே மலையெங்கும் தகரம். வேலப்பனுடையது மார்ஜரின் டின். சண்டைக்குப் போன அப்பா, அதிலிருந்து கொழுந்து சிந்துவதைக் கண்டு, "இப்படிக் கட்டுனா எம்பேருல்ல கெடும், கொண்டா" என்று தாமே திருத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே ஒரு தாளிலாவது கூலி என்று போடாமல், கண்டுபிடித்தவர் என்று தம் பெயர் வர வேண்டுமென்பதுதான் அவர் ஆசை, மாமா. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்று புதுச் சட்டத்தில் சலுகை இருப்பதாக வாசித்தேன். உண்மையானால் தங்கையா என்ற அப்பாவின் பெயரில் உடனே எழுதிப் போடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருமலுக்கு நல்ல தேயிலைத்தூள் கட்டி அனுப்புகிறேன். ஆண்டவன் உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கம் கொடுக்கட்டும்.

பாசமுள்ள,
சீதா

பி.கு.: கடிதத்தை வீட்டில் வாசித்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடம் வந்ததும் அம்மா கருவாடு வறுப்பதை நிறுத்தி, "கொழுந்த அள்ளி அள்ளிக் கூடையில போட்டுத் தோளு வலிக்குதுன்னு மொதல்ல தகரத்தக் கட்டுனது யாரு?" என்றாள். அப்பா கூரையைப் பார்த்தார். "கம்பி நான் கட்டுனதுலா" என்றார்.

"நான் சேலைக் கரையில கட்டியிருந்தத அவுத்துட்டுத்தானே?"

ஆகவே உங்கள் தங்கை பாஞ்சாலையின் பெயரைப் போடவும். சலுகைக்கும் பழுதில்லை, கோயிலுக்குத் தூக்கிப் போனது அவள்தான். மேலே தங்கையா என்றிருப்பதை அடிக்க எனக்குக் கை வராததால் அப்பாவே பேனாவை வாங்கி அடித்தார். பக்கத்தில் பொடி எழுத்தில் 'கம்பி மட்டும் தங்கையா' என்றும் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.