ரெண்டு செகண்ட் பாயும் தப்பிச்ச கிடாவும்

மதுரையில் எதையும் கிட்டப் போய்ப் பார்க்காத ஒரே மனிதர் ரெண்டு செகண்ட் பாய்தான். பிரியாணித் தட்டு வந்தால்கூட நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணைப் பாதி மூடி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். கல்யாணத்துக்குப் பெண்ணின் போட்டோவைக் காட்டியபோது, செல்போனை அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, "தெருமுனைக்குப் போயி தூக்கிக் காட்டு ராத்தா" என்றாராம். அந்த அம்மா வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் வாசலில் இருந்தபடியே, "மாஷா அல்லாஹ், பேசி முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். கொடுமை என்னவென்றால், புருஷனும் பொண்டாட்டியும் இன்றுவரை சிரித்த முகமாக இருக்கிறார்கள். நான் ஜாதகம் பார்த்து, நேரில் பார்த்து, மூன்று மாதம் பேசிப் பார்த்துக் கட்டியவன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கோரிப்பாளையத்தில் அவருக்கு பிளக்ஸ் அடிக்கும் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே அவர் கம்ப்யூட்டரில்தான் உருவாகும்.

"மாட்டுத்தாவணி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வாரவன் நம்ம பேனரை எம்புட்டு நேரம் பாப்பான்? ரெண்டு செகண்டு. அதுக்குள்ள யாருக்குக் கல்யாணம்னு தெரியலேன்னா அது பேனர் இல்லண்ணே, கொடியில காயப்போட்ட வேட்டி" என்பார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். பேனர் கட்டி முடித்ததும் தானே பஸ் ஏறி, அந்த வழியாக வந்து சோதித்துப் பார்ப்பார். ஒருமுறை மாப்பிள்ளையின் முகம் மரக்கிளையில் மறைகிறது என்று, "தூக்கிக் கட்டுங்கடா!" என்று ஓடுகிற பஸ்ஸிலிருந்து கத்தப்போய், கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிட்டுவிட்டார்.

நான் ஓவியன். முறையாகக் கல்லூரியில் படித்தவன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். என்னோடு படித்த சரவணன், செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு மாடியில் வீடியோ கேம் கம்பெனி வைத்திருந்தான். கம்பெனி என்றால் அவனும் நானும் ஒரு மின்விசிறியும். இரண்டு வருஷமாக ஒரே கேமைச் செய்துகொண்டிருந்தோம். விருந்துக்கு வெட்ட மாலை போட்டுக் கட்டி வைத்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு மதுரை முழுக்க ஓடும். விளையாடுகிறவர் அதைக் காப்பாற்ற வேண்டும். பெயர், 'தப்பிச்ச கிடா'.

கேம் விற்கிற இணையக் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் ஓர் அட்டைப்படம் வைக்க வேண்டும். தீப்பெட்டி அளவுதான் தெரியும். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவன் அதைப் பார்த்து நின்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"மாப்ள, இது ஓடலேன்னா கடையைச் சாத்திட்டு நான் பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்" என்று சரவணன் சொல்லிவிட்டான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கேமுக்குள் நான் வரைந்தது எதுவும் ஆடு ஓடுகிற ஓட்டத்தில் ஒருத்தர் கண்ணிலும் நிற்காது. 'இது இன்னார் வரைந்தது' என்று நாலு பேர் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த அட்டைப்படம். நாற்பது நாள் உட்கார்ந்து வரைந்தேன். கோபுரம், வைகைப் பாலம், பூ மார்க்கெட், அரிவாளோடு துரத்தும் தாய்மாமன், பந்தியில் பாதி இலையோடு எழுந்த சொந்தபந்தம், கவிழ்ந்த சாம்பார் வாளி. ஒவ்வொரு ஆளுடைய பல்லையும் எண்ணிவிடலாம்.

சரவணன் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றான். மறுநாள் பாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். எனக்கு வயிற்றில் அப்போதே புகைய ஆரம்பித்துவிட்டது.

பாய் உள்ளேயே வரவில்லை. மாடிப்படியில் நின்றபடி கண்ணைப் பாதி மூடினார்.

"ஆடு எங்கண்ணே?"

"வலது பக்கம், கீழ் மூலையில, பாலத்துக்குக் கீழ."

"ஆடு காணாமப் போச்சுன்னு படம் வரைஞ்சிருக்கீங்களோ?"

சரவணன் சிரித்தான். இரண்டு வருஷம் என் ஜோக்குக்கு ஒருநாள்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை. என் படத்தை ஒரு பென்டிரைவில் போட்டு, "பாய், நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்க" என்று கொடுத்தும் விட்டான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டே நாளில் முதல் படம் வந்தது. நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட கிடா. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே வரிசையாக, கைகூப்பியபடி நான், சரவணன், மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்ட ஓனர். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இவண்'.

"ஓனர் எதுக்கு பாய்?" என்றான் சரவணன்.

"அவரை விட்டா மனசு சங்கடப்படுவாருல்ல?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் மனுஷன் விடவில்லை. அடுத்த வாரம் இன்னொன்றைப் போட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்ல பாத்தா ஒண்ணும் தெரியாது, கடையில தொங்கவிட்டுப் பாப்போம்" என்று எங்களை செல்லூரில் ஒரு பெட்டிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் படத்தையும் என் படத்தையும் ஷாம்பு பாக்கெட் அளவுக்கு அச்சடித்து வந்திருந்தார். கடைக்கார அண்ணாச்சியிடம் சொல்லி, தொங்குகிற ஷாம்பு, ஊறுகாய்ச் சரங்களுக்கு நடுவில் இரண்டையும் தொங்கவிட்டார். நாங்கள் எதிர்ச்சாரியில் டீயோடு நின்றோம்.

அவருடைய படத்தில் ஓர் ஆட்டு முகம் மட்டும்தான். மாலையைக் கடித்தபடி திரும்பிப் பார்க்கிறது. மேலே பெரிய எழுத்தில் பெயர். அவ்வளவுதான். இருக்கிற ஷாம்பு அத்தனைக்கும் நடுவில் அது மட்டும் கண்ணில் வந்து விழுந்தது. வயிறு எரிந்தது எனக்கு. டீ வேறு சூடு.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வந்தார். சரங்களை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணாச்சி, அந்த ஆட்டுப் பாக்கெட்டு ரெண்டு குடுங்க. மட்டன் மசாலாதான?"

எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி டீ சட்டையில் கொட்டிவிட்டது. "பாத்தீங்களா பாய்? கேமை மசாலாவாக்கிட்டீங்க!"

"ஆனா பாத்தாங்கள்ல?" என்றார் பாய்.

"ஒன்னோடதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கலையே மாப்ள" என்றான் சரவணன்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வெறும் ஆட்டை வச்சா மசாலாதான்! பின்னாடி இருந்து ஒரு கை வந்து அந்தக் கயித்தை எட்டிப் புடிக்கப் பாக்கணும். அப்பத்தான அது தப்பிச்சு ஓடுதுன்னு தெரியும்? இதுகூடத் தெரியாதா?"

பாய் கண்ணை முழுசாகத் திறந்து என்னைப் பார்த்தார். அப்படி அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. "அதைப் போடுங்கண்ணே" என்றார்.

வீம்புக்காகவே அன்று சாயங்காலம் கையை வரைய உட்கார்ந்தேன். ஆட்டு ரோமத்தோடு கையின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன். காதோரம் போகிற கோடு எனக்குப் பழக்கமான கோடாக இருந்தது. அந்தக் கண்ணில் இருந்த பயமும்தான். உடனே போன் போட்டேன்.

"பாய், இந்த ஆட்டை எங்க சுட்டீங்க?"

"உங்ககிட்டதாண்ணே. பாலத்துக்குக் கீழ நின்னுச்சுல்ல, அதே ஆடுதான். நான் வெட்டி எடுத்துப் பெருசாக்குனேன், அம்புட்டுத்தான்."

நாற்பது நாளில் ஒன்பது நாள் அந்த ஆட்டின் முகத்துக்கு மட்டும் செலவழித்திருந்தேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் வரைந்தேன். எதையும் கிட்டப் போய்ப் பார்க்காத இந்த ஆள் அதை மட்டும் எப்படிப் பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கையைச் சேர்த்து மறுநாள் அதே கடையில் தொங்கவிட்டோம். வெற்றிலை வாங்க வந்த ஒருத்தர் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஆடு தப்பிச்சிருச்சா?" என்றார். சரவணன் எதிர்ச்சாரியிலிருந்து ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கேம் வெளிவந்தது. முகம் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் அட்டைப்படத்தைப் பாராட்டி எழுதினார்கள். சரவணன் பெங்களூர்ப் பேச்சை விட்டான். கேம் முடிகிற இடத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில், 'அட்டைப்படம்' என்பதற்கு நேரே அவன் பாயைப் போட்டிருந்தான். அதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட வாயைத் திறப்பதற்குள் பாயே சரவணனிடம் முந்திக்கொண்டார்.

"எம் பேரை எடுங்க மாப்ள. நான் வெட்டுனவன். அந்த ஆட்டு மூஞ்சியில பயத்தை வச்சவரு அண்ணன்தான. அவரு பேரைப் போடுங்க."

திறமையில்தான் ஜெயித்தார் என்றால் மனசிலுமா ஜெயிப்பது? ஒரு மனுஷன் நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடாமல் இப்படியா செய்வது?

சரவணன் பெயரை மாற்றினான். நாலு நாள் கேமைத் திறந்து திறந்து என் பெயரைப் பார்த்தேன். ஐந்தாவது நாள் அது பிடிக்கவில்லை. இருவருக்கும் சொல்லாமல் பட்டியலைத் திறந்து பாயையும் சேர்த்தேன். என் பெயருக்கு மேலே. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது குறையாமல் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அவருக்குக் கீழே என் பெயர் வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.